கல்யாணச் செயலிக்கு மாதச் சந்தா: வடசென்னைக் கணக்குக்கு ஒத்துவருமா?

கல்யாண வேலைகளைக் கைப்பேசியிலேயே நடத்தித் தருவதாகச் சொல்லும் இணையச் செயலி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. விருந்தினர் பட்டியல், செலவுக் கணக்கு, வேலைப் பட்டியல், மின்பத்திரிகை, மொய்க் கணக்கு, மண்டபம் முதல் மேளம் வரை ஆள் தேடித் தரும் பகுதி என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இன்னும் சோதனை வெளியீடுதான். விலையும் வசதியும் மாறக்கூடும் என்பதால் பெயரை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பார்க்கிறோம். ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ இருக்கும் ஒரு வீடு இதற்குக் காசு கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

கருவி பாதிக்கு மேல் உருப்படியானது. விலைதான் கோணல். தொகை பெரிது என்று சொல்லவில்லை. எந்த அளவுகோலில் காசு வாங்குகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

விலைப்பட்டியல் இது. இலவசத் திட்டத்தில் 100 பெயர், ஒரே பயனர். வெள்ளித் திட்டம் மாதம் ரூ.349, 500 பெயர், 2 பயனர். தங்கத் திட்டம் மாதம் ரூ.799, பெயருக்கு வரம்பில்லை, 5 பயனர், மொய்க் கணக்கு, எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி. இந்தத் தொகைகள் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. 349 அங்கே 411.82 ஆகிறது, 799 போய் 942.82 ஆகிறது. முதலில் ஒரு விலை, கடைசியில் வேறு விலை என்று காட்டுவதை, நுகர்வோரை ஏமாற்றும் இணைய உத்திகளுக்கு எதிராக 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. புதிதாகக் கடை திறப்பவர்கள் முதலில் இதைச் சரிசெய்வது நல்லது.

மாதக் கணக்கு ஏன் பொருந்தாது

கல்யாண வேலை மாதாமாதம் சீராக நடப்பதில்லை. ஆவணி முகூர்த்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தை மாதம் நாள் குறித்து, பிப்ரவரியில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். அந்த மாதம் செயலியில் நிறைய வேலை இருக்கும். பிறகு மூன்று, நான்கு மாதம் அதைத் திறக்கவே அவசியம் இராது. ஆனியில் பத்திரிகை அச்சுக்குப் போகும். ஆடியில் விசேஷம் இல்லை; ஆனால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடி இருக்கிறது. முகூர்த்தப் புடவையை ஆடியில் எடுக்காத வீடுகள்கூட உறவுக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கும் துணியை அப்போதுதான் எடுப்பார்கள், அதனால் செலவுக் கணக்கு ஓடும். ஆவணி பிறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கல்யாணம் முடிந்த பிறகும் ஒரு மாதம் மொய்க் கணக்கு, பாக்கிப் பணம், பதிவு என்று வேலை மிச்சம் இருக்கும்.

பிப்ரவரி முதல் அக்டோபர் வரை 9 மாதம். தங்கத் திட்டத்தில் 9 முறை 942.82 என்றால் ரூ.8,485. இதில் மூன்று, நான்கு மாதச் சந்தா செயலியைத் திறக்காமலே போகிறது. நடுவில் சந்தாவை நிறுத்திவிட்டு வேண்டும்போது மறுபடி கட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் பிடி வைத்திருக்கிறார்கள். சந்தா நின்றால் 100-க்கு மேற்பட்ட பெயர்கள் பூட்டிக்கொள்கின்றன. பார்க்க மட்டும் முடிகிறது. திருத்தவோ இறக்கிக்கொள்ளவோ வழியில்லை. வெள்ளித் திட்டத்தில் ஆரம்பித்துக் கடைசி இரண்டு மாதம் மட்டும் தங்கத்துக்கு ஏறினால் 7 முறை 411.82, 2 முறை 942.82, ஆக ரூ.4,768. முதல் மாதத்திலிருந்தே பட்டியலைச் செயலியில் வைத்திருந்தால், இன்றைய விலையில் இதைவிடக் குறைவாக முடிக்க வழியில்லை.

செயலி நடத்துபவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாதச் சந்தா நல்ல யோசனையில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் சந்தா கட்டுபவர் வருடக்கணக்கில் இருப்பார். கல்யாணம் முடிந்த வீடு எப்படியும் விலகிப்போகும். விலகத்தான் போகிறவரை மாதம் ஒன்றாவது கூடுதலாகப் பிடித்துவைக்கப் பார்ப்பதால் கிடைப்பது கெட்ட பெயர் மட்டுமே. வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் நன்றாக உழைத்த சமையல்காரர் அதே தெருவில் அடுத்த மூன்று கல்யாணத்தைப் பிடிப்பார். இந்தச் செயலியும் அப்படித்தான் பரவ முடியும். அதற்கு ஏற்ற அளவுகோல் ஒரு கல்யாணத்துக்கு ஒரு விலை.

இரண்டு வீடு, ஒரே பணப்பை

பயனர் எண்ணிக்கையில் இன்னொரு கோளாறு. கல்யாணம் செய்துகொள்ளும் இருவரையும் மனத்தில் வைத்துச் செய்த கருவி இது. செயலியைத் திறப்பது பெரம்பூரிலிருந்து வேலைக்குப் போகும் பெண்ணாக இருக்கலாம். ஆனால் பணம் அப்பா கையில், பட்டியல் அம்மா மனத்தில், மண்டபக்காரரிடம் பேசுவது தாய்மாமன், வண்டி ஏற்பாடு சித்தப்பா, சாமான் வாங்கப் பாரிமுனை போவது அக்கா வீட்டுக்காரர். இவர்களோடு பெண்ணையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கே 6 பேர். மாப்பிள்ளை வீட்டையும் சேர்த்தால் ஐந்து பயனர் எந்த மூலைக்கு?

எண்ணிக்கையைக் கூட்டிவிடுவது சுலபம். அதைவிடப் பெரிய குறை, உள்ளே வந்த எல்லோருக்கும் எல்லாச் செலவும் தெரிகிறது. மண்டபம், சாப்பாடு, மேளம், முகூர்த்த நேரம் ஆகியவை இரண்டு வீட்டுக்கும் பொது. நகை, சீர், கைமாற்றாக வாங்கிய பணம், யாருக்கு எவ்வளவில் புடவை என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்கு மட்டும். சம்பந்தி வீட்டாரை அழைப்புப் பட்டியலுக்காக உள்ளே சேர்த்த அடுத்த நிமிடம் நம் நகைக் கணக்கு அவர்கள் திரையில் நிற்கிறது. இதனால் வரும் மனத்தாங்கலை எந்த வாடிக்கையாளர் சேவையாலும் தீர்த்துவைக்க முடியாது. இப்போதைக்குச் செய்யக்கூடியது, பொதுச் செலவுகளை மட்டும் செயலியில் வைத்துவிட்டு வீட்டுச் செலவைத் தனி நோட்டில் எழுதுவதுதான். ஆக, செலவுப் பகுதிக்காக இதை வாங்க வேண்டாம்.

அந்தப் பகுதியில் இருக்கும் மண்டபப் படிவத்திலும் 'வாடகை' என்று ஒரே ஒரு கட்டம். வடசென்னை மண்டப பில்லில் வாடகை ஓர் இனம் மட்டும்தான். மீட்டர் பார்த்துக் கணக்கிடும் மின்சாரம், ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவுக் கட்டணம், சமையல் எரிவாயு, பாத்திரம், கூடுதல் அறை, இவற்றின் மேல் ஜி.எஸ்.டி., திருப்பித் தர வேண்டிய வைப்புத்தொகை என்று பல இனங்கள் வரும். மண்டபம் கையில் வாங்கும்போது மின்மீட்டர் எண்ணைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்பதுகூட வேலைப் பட்டியலில் இல்லை. ரொக்கமா வங்கி வழியா என்று குறிக்கவும் இடமில்லை. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் சொல்கிறது. மூன்று தவணையாகக் கொடுத்தாலும் கல்யாணம் ஒன்றுதான் என்பதால் தொகை சேர்த்தே பார்க்கப்படும். மண்டபத்துக்கும் சமையலுக்கும் இந்த வரம்பு சாதாரணமாகத் தாண்டிப்போகிற காலம் இது. எச்சரிக்கை ஒன்று வைத்தால் அதற்கே காசு கொடுக்கலாம்.

இலைக் கணக்கு: இருக்கிறது, ஒளிந்திருக்கிறது

இந்தக் கருவியின் உண்மையான பலம் எங்கே என்பதை அதைச் செய்தவர்களே கண்டுகொள்ளவில்லை. விளம்பரம் முழுக்க மின்பத்திரிகையும் கடற்கரைக் கல்யாணப் படங்களும். பணத்தை மிச்சப்படுத்தும் பகுதி சாப்பாட்டு எண்ணிக்கை.

செயலி இயல்பாகப் போடும் கணக்கு இப்படி: பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் துணைக்கு ஒருவர், வருபவர்கள் 75 சதவீதம், எல்லா வேளைக்கும் அதே எண்ணிக்கை. 320 பத்திரிகை வைக்கும் வீட்டுக்கு 640 பேர், அதில் 75 சதவீதம் 480. இரவு வரவேற்புக்கும் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 480, 480, 480.

இந்த ஊரில் பத்திரிகை ஆளுக்கு வைப்பதில்லை, வீட்டுக்கு வைக்கிறோம். வரமுடியுமா என்று கடிதம் போட்டுச் சொல்லும் வழக்கமும் இல்லை. ஆகவே வீடுகளை வகை பிரித்துத்தான் எண்ண வேண்டும். அதே 320 பத்திரிகையில் நெருங்கிய சொந்தம் 60 வீடு, வீட்டுக்கு 4 பேர். தெரு, அக்கம்பக்கம், பழகியவர்கள் 110 வீடு, சராசரி இரண்டரை பேர். வேலையிடம், கடை, சங்கம் வழியாக வருபவர்கள் 150 பத்திரிகை, ஆளுக்கு ஒருவர். வரவேற்பு இரவுக்கு 240, 275, 150, கூட்டினால் 665. மறுநாள் காலை டிபனுக்குச் சொந்தத்தில் 80 சதவீதம், அதாவது 192. மதியச் சாப்பாட்டுக்குச் சொந்தத்தில் 90 சதவீதமாக 216 பேர், பழகிய வீடுகளிலிருந்து ஆளுக்கொருவராக 110 பேர், மொத்தம் 326.

செயலி சொன்ன 480-ஐ அப்படியே சமையலுக்குச் சொன்னால் இரவில் 185 பேருக்குச் சாப்பாடு குறையும். காலையில் 288, மதியம் 154 இலை மிஞ்சும். டிபன் இலைக்கு 120, சாப்பாடு இலைக்கு 250 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சியது மட்டும் 34,560-உம் 38,500-உம் சேர்ந்து ரூ.73,060. அனுபவமுள்ள சமையல் மாஸ்டர் இந்த எண்ணிக்கையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தானே திருத்திச் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனால் எழுத்தில் கொடுத்த எண்ணிக்கைக்குக் குறைந்து போனாலும் கொடுத்த எண்ணிக்கைக்குத்தான் பணம், கூடினால் இலை எண்ணிப் பணம் என்பதே சமையல் ஒப்பந்தங்களில் பொதுவான பேச்சு. எண்ணிக்கை தவறினால் நஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான்.

சரியான கணக்கைப் போடும் வசதி தங்கத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரும் தேடிப்போகாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். அமைப்புகளில் 'நிகழ்ச்சிகள்' பகுதிக்குப் போய் வரவேற்பு இரவு, காலை டிபன், மதியச் சாப்பாடு என்று மூன்றைத் தனித்தனியே திறக்க வேண்டும். விருந்தினரைச் சேர்க்கும்போது வீட்டுத் தலைவர் பெயரை மட்டும் ஒரு வரியாகப் போட்டு, 'உடன் வருவோர்' கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும்; நான்கு பேர் வீடு என்றால் 3. பிறகு சொந்தம், தெரு, வேலையிடம் என்று குறிச்சொல் கொடுத்து, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் சதவீதத்தைத் தனியாக நிரப்ப வேண்டும். இப்படிச் செய்தால் மேலே போட்ட கணக்கு பிசகாமல் வருகிறது. 'உடன் வருவோர்' கட்டம் முழு எண்ணை மட்டும் ஏற்பதால் இரண்டரை என்ற சராசரிக்குப் பாதி வீடுகளில் 1, பாதி வீடுகளில் 2 என்று போட்டுக்கொள்ளலாம். வெள்ளித் திட்டத்தில் இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் திறக்க முடியாது. நம் கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று வேளை உண்டு என்பதைத் திட்டம் போட்டவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சேர்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று செயலி கேட்பதே இல்லை. 150 இருக்கை, ஒரு பந்திக்கு இலை போட்டு எடுத்துத் துடைக்க 40 நிமிடம் என்றால், 7 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் நான்கு பந்திதான் முழுதாக முடியும். அதில் 600 பேர் சாப்பிடலாம். வருகிறவர்கள் 665. கடைசிப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பது இப்படித்தான் நேர்கிறது. ஆறரைக்கே முதல் பந்தியைத் திறந்தால் ஐந்து பந்தி, 750 இடம், நெரிசல் இல்லை. இதைச் சொல்லித் தர இரண்டு கட்டங்களும் ஒரு பெருக்கலும் போதும்.

பத்திரிகை

பின்கோடு வாரியாக வீடுகளைப் பிரித்துத் தரும் வசதி அருமை. 600013 ராயபுரம், 600021 பழைய வண்ணாரப்பேட்டை, 600081 தண்டையார்பேட்டை, 600019 திருவொற்றியூர், 600039 வியாசர்பாடி, 600011 பெரம்பூர் என்று பட்டியலைப் பிரித்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எந்தப் பக்கம் போவது, வண்டியில் எத்தனை பத்திரிகை ஏற்றுவது என்பது உடனே தெரிகிறது. ஆடியில் பத்திரிகை வைக்கத் தயங்கும் வீடுகளுக்கு ஆவணி பிறந்த பிறகு முகூர்த்தத்துக்கு முன் கிடைப்பது சில நாள்தான். அந்த நெருக்கடியில் இந்த ஒரு வசதி பெரிய உதவி. 'வைத்தாயிற்று' என்று குறித்தால் மற்ற பயனர்களுக்கும் தெரிவதால் ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் போவதும், யாரும் போகாமல் விடுபடுவதும் குறையும். பின்னதுதான் ஆபத்து, விடுபட்டவர் பத்து வருடம் பேசமாட்டார்.

மின்பத்திரிகைப் பகுதி சுமார். திரையில் தமிழ் சரியாகத் தெரிகிறது. பி.டி.எஃப். ஆக்கினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடுகிறது; கொ, கோ, கௌ எல்லாம் சிதறுகின்றன. தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத பழைய நிரல்தொகுப்பைப் பயன்படுத்தினால் வரும் குறை இது, திருத்தக்கூடியதுதான். அதுவரை படமாகச் சேமித்து அனுப்புங்கள். ஆண்டர்சன் தெருவில் அச்சிடக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல அச்சகங்களில் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. செயலியிலிருந்து வரும் பெயர்களை அவர்கள் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கும்போது ஸ்ரீ, க்ஷ போன்றவை உடையும், புள்ளி காணாமல் போகும். கைப்பேசியில் பிழை திருத்தியதை நம்பாமல் அச்சக மாதிரித்தாளை மறுபடி முழுதாகப் படிக்க வேண்டும். தாய்மாமன் பெயரில் பிழை வந்தால் பத்திரிகையை மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெயர்க் கட்டத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் என்று நிற்கிறது. கு. முருகன் என்ற பெயரில் குடும்பப்பெயருக்கு எங்கே போவது? தலைப்பெழுத்தை அங்கே போட்டால் அகர வரிசை முழுதும் தலைப்பெழுத்துப்படி மாறிவிடும். ஒரு புள்ளியை மட்டும் போட்டால் ஏற்றுக்கொள்கிறது.

தங்கத் திட்டத்தின் பெரிய கவர்ச்சி 'வரம்பில்லா வாட்ஸ்அப் அழைப்பு'. இதை நம்பி வாங்க வேண்டாம். அழைப்பு உங்கள் எண்ணிலிருந்து போகாது, நிறுவனத்தின் எண்ணிலிருந்து போகும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பிக் கைப்பேசியைக் கைப்பற்றும் மோசடி பற்றிச் சைபர் குற்றப் பிரிவுகள் எச்சரித்திருக்கும் காலத்தில், தெரியாத எண்ணிலிருந்து வரும் பத்திரிகையை விவரமானவர் தொடமாட்டார். நிறுவனத்துக்கும் இது கட்டுப்படியாகாது. தொழில் கணக்கிலிருந்து போகும் செய்திக்கு வாட்ஸ்அப் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்குகிறது. செய்திக்கு 80 பைசா என்று வைத்தாலும் 320 வீட்டுக்கு மூன்று முறை அனுப்ப ரூ.768 ஆகும், ஒரு மாதத் தங்கச் சந்தா கிட்டத்தட்ட அதிலேயே போய்விடும். இப்படிப்பட்ட 'வரம்பில்லா' வாக்குறுதி ஆறு மாதம் தாங்காது. மாறாக, இணைப்பை உருவாக்கிக் கொடுத்து வீட்டுக்காரர் தன் எண்ணிலிருந்தே அனுப்பும்படி விட்டால் இருவருக்கும் செலவில்லை. வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச்சேரும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

வேலைப் பட்டியலும் ஆள் பட்டியலும் யாருக்காக?

வேலைப் பட்டியல் ஹல்தி, மெஹந்தி, சங்கீத் என்று ஆரம்பிக்கிறது. வடஇந்தியக் குடும்பங்கள் நிறைந்த சவுகார்பேட்டையில் இதற்குக் குறைசொல்ல யாருமில்லை, அதுவும் வடசென்னைதான். ஆனால் பந்தக்கால், நலங்கு, பெண் அழைப்பு, சீர்வரிசை எதுவும் இல்லை. மண்ணடிக்கு நிக்காஹும் வலீமாவும் இல்லை. ராயபுரத்துக் கத்தோலிக்க வீடுகளுக்கு தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க நாள் ஒதுக்குவது இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் செய்பவர்களுக்கு 30 நாள் முன்னறிவிப்பும் இல்லை. 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் ஏற்பு பெற்ற சுயமரியாதைத் திருமணத்துக்கு ஐயர் இல்லாத பட்டியல் ஒன்று வேண்டும். இங்கே ஐயரை நீக்கினால் அவர் பெயரோடு தாலியும் மாலையும் சேர்ந்து போய்விடுகின்றன. காலையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு என்று வைப்பவர்கள் ஏராளம். செயலி ஒரு கல்யாணத்துக்கு ஒரே இடம்தான் ஏற்கிறது. மின்பத்திரிகையில் வழிகாட்டும் வரைபடமும் ஒன்றே. கோயிலுக்கு வர வேண்டியவர் பூட்டிய மண்டப வாசலில் போய் நிற்பார்.

ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களுக்கு மழைக்கான குறிப்பு எதுவும் பட்டியலில் இல்லாததும் குறைதான். பலத்த மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கத்துக்கு வரும் வழியே மாறிவிடும். மாற்று வழி, மெட்ரோ நிலையம், ஜெனரேட்டர், சமையல் கூடத்துக்குள் தண்ணீர் வருமா என்று முன்கூட்டியே மண்டபத்தில் கேட்பது ஆகிய நான்கையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ஓடுவதால் தெற்கிலிருந்து வரும் உறவினருக்கு அதைப் பத்திரிகையிலேயே போட்டுவிடலாம். பதிவுக்கு 90 நாள் என்ற நினைவூட்டல் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அதுதான் கெடு. அதன் பிறகு 60 நாள் கூடுதல் கட்டணத்துடன் பதியலாம் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

ஆள் தேடும் பகுதி தென்சென்னைக்காரர்களுக்கு எழுதியது. 'வடசென்னை' என்று வடிகட்டினாலும் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) விடுதிகள் முதலில் வருகின்றன, ஏனென்றால் அவர்கள் பட்டியலில் மேலே வரக் காசு கட்டியவர்கள். 'விளம்பரம்' என்ற சொல் சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அமெரிக்காவில் தி நாட், இங்கே வெட்மீகுட், சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தின் வெட்டிங் பஜார் ஆகிய கல்யாணத் தளங்களில் தேடுகிற குடும்பம் பணம் கட்டுவதில்லை, வியாபாரிகள்தான் கட்டுகிறார்கள். அது ஒரு ஒழுங்கு. குடும்பத்திடம் மட்டும் வாங்கிக்கொண்டு வியாபாரியிடம் கைநீட்டாமல் இருப்பது இன்னொரு ஒழுங்கு. இரண்டு பக்கமும் வாங்கும் தரகரிடம் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்கத்தான் வேண்டும். புதிய செயலிக்கு வசதியான இடம் இரண்டாவதுதான். ஆள் பட்டியலில் பெரிய தளங்களோடு போட்டி போட முடியாது. கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், அந்த இடம் காலியாக இருக்கிறது.

மொய்

மொய் மேசையில் ஒருவர் எழுத, ஒருவர் பணம் எண்ணுவார். செயலியில் பெயர், ஊர், தொகை, ரொக்கமா யு.பி.ஐ.யா, குறிப்பு என்று ஐந்து கட்டம். தட்டி முடிப்பதற்குள் வரிசை நீண்டுவிடும். விருந்தினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துத் தருவதால் பாதி நேரம் மிச்சம். ஆனால் வீட்டுத் தலைவர் பெயரில் பட்டியல் இருக்க, வந்து மொய் வைப்பது அவர் மகனாக இருந்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம். இணையம் இல்லாமலும் இயங்குகிறது. இரண்டு கைப்பேசியில் தனித்தனியாக எழுதினால் இரண்டுமே 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொள்கின்றன, பிறகு ஒன்றாகச் சேரும்போது சில வரிகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிந்துவிடுகின்றன. மொய்யில் ஒரு வரி அழிவது சாதாரண விஷயமில்லை. மேசையில் நோட்டுப் புத்தகமே இருக்கட்டும். இரவு உட்கார்ந்து ஒரே கைப்பேசியில் ஏற்றி, பக்கக் கூட்டலை நோட்டோடு ஒப்பிடுங்கள். கல்யாணத்தை ஒட்டிப் பெண், மாப்பிள்ளைக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. அந்த விலக்கு பெற்றோர் பெயரில் வாங்கும் பணத்துக்குப் பொருந்தாது. யு.பி.ஐ. அட்டையை யார் கணக்கில் ஒட்டுவது என்று முடிவெடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

என்ன விலை சரி

கல்யாணத்துக்கு ஒரு முறை ரூ.1,499, வரி உள்பட. முதல் நாளிலிருந்து முகூர்த்தம் கழிந்து ஆறு மாதம் வரை செல்லும். வீட்டுக்கு ஆறு பேர், இரண்டு வீடு, தனித்தனிச் செலவுப் பக்கம், மூன்று வேளை இலைக் கணக்கு, மொய் இறக்கம் எல்லாம் உள்ளே. இதில் வரி போக 1,270. பணம் வாங்கும் நிறுவனத்துக்கு 2 சதவீதமும் அதன்மேல் வரியும் என்று 35 போனாலும் கையில் 1,235 நிற்கும். பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடை வழியே விற்றால் 15 சதவீதம் போகும், ஆகவே இணையதளத்தில் விற்பதே மேல். பத்துச் சாப்பாட்டு இலை மிஞ்சாமல் பார்த்துக்கொண்டாலே வீட்டுக்காரருக்குப் போட்ட காசு திரும்பிவிடும் என்பதால் விளம்பரத்தில் சொல்ல வேண்டியதும் அதுதான். இலவசத் திட்டத்தில் 100 பெயர் என்ற வரம்பை எடுத்துவிட்டு, பெயர்களை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்ற விடலாம். பெயரை ஏற்றிய பிறகுதான் இலைக் கணக்கின் அருமை தெரியும், காசும் அப்போதுதான் வரும். கல்யாணம் நின்றுபோனால் ஒரே பொத்தானில் எல்லா நினைவூட்டலும் அடங்க வேண்டும், பணமும் திரும்ப வேண்டும். இப்போது சந்தாவை நிறுத்தியபின்னும் '12 நாளே பாக்கி!' என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அந்த வீட்டில் அது எப்படி இறங்கும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும்.

விலை மாறுவதற்கு முன்பே வாங்க நினைப்பவர்கள் இப்படிச் செய்யலாம். பட்டியலைக் கூகுள் ஷீட்டில் வைத்திருங்கள்: வீட்டுத் தலைவர், ஆள் எண்ணிக்கை, வகை, பின்கோடு, கைப்பேசி, பத்திரிகை வைத்த நாள் என்று ஆறு பத்தி போதும். முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் முன்பு அதை சி.எஸ்.வி. கோப்பாக யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்துத் தங்கத் திட்டத்தில் ஏற்றுங்கள். வேறு முறையில் சேமித்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வரும். கைப்பேசித் தொடர்புகளைப் படிக்க அனுமதி கேட்கும், மறுத்துவிடுங்கள், கோப்பு ஏற்றினால் அது தேவையில்லை. மூன்று மாதச் சந்தா, சுமார் ரூ.2,828-இல் வேலை முடியும். யு.பி.ஐ. தானியங்கிக் கட்டணம் 15,000 வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்காமலே எடுக்கும் என்பதால், பதிவு செய்த அன்றே உங்கள் யு.பி.ஐ. செயலியின் 'ஆட்டோபே' பகுதியில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்து, மூன்றாவது தவணை போனதும் அங்கேயே ரத்து செய்யுங்கள். கட்டிய மாதம் தீர்வதற்குள் மொய்ப் பட்டியலை எக்செல்லாக இறக்கி இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட்டு, கணக்கை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நீக்கும் பொத்தான் இன்னும் வைக்கவில்லை.